துருவின் திக்விஜயம்

இன்றைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள். முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் முன்னால், முதல் சில பக்கங்கள் கல்யாணத்துக்கு முன்பே எடுத்த படங்களாக இருக்கும். மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக நிற்கிறார். பெண்ணின் கவுன் தரையைப் பெருக்குகிறது. பின்னணியில் ஊட்டியும் இல்லை, மாமல்லபுரமும் இல்லை. துருவேறி அரித்த தகர ஷட்டர், காரை உதிர்ந்த செங்கல் சுவர், ஓரமாக இரண்டு டீசல் டிரம். "காசு கொடுத்து எடுக்கிற போட்டோவுக்கு நல்ல இடமே கிடைக்கலையாடா?" என்று பாட்டி கேட்டால் பேரனிடம் பதில் இருக்காது. பதில் உண்டு. ஆனால் அதைச் சொல்ல இங்கிலாந்தில் ஒரு தோட்டத்தில் தொடங்கி, பாரிஸ், நியூயார்க், பம்பாய், தைவான் என்று சுற்றிக்கொண்டு சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்கு வந்து சேர வேண்டும்.

சார்லஸ் ஹாமில்டன் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை 1738-இல் லண்டனுக்குத் தென்மேற்கே பெயின்ஸ்ஹில் என்ற இடத்தில் தோட்டம் போட ஆரம்பித்தார். ஏரி, குகை, கோபுரம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. சரிக்கட்டுவதற்காக ஓடும் செங்கல்லும் சுடும் தொழிலில் இறங்கினார். கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். நொடித்துப்போன சூளை இருந்த இடம் ஏரிக்கரையில் கண்ணை உறுத்தியது. அதை மறைக்க 1772-இல் அங்கேயே ஒரு பாழடைந்த மடாலயத்தைப் புத்தம் புதிதாகக் கட்டினார். செங்கல் சுவர், மேலே கல் போலத் தெரியக் காரைப் பூச்சு, உடைந்ததுபோலவே கட்டிய வளைவுச் சன்னல்கள். மறு வருடமே தோட்டம் கைமாறிவிட்டது. போலிப் பாழ் மட்டும் இன்றும் நிற்கிறது.

தொழில் நடந்த இடத்தின் அசிங்கத்தை மறைக்கப் பாழ் கட்டிய காலம் அது. இன்றோ பெரியபாளையம், ஊத்துக்கோட்டைப் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் கைவிடப்பட்ட செங்கல் சூளை எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள். இரண்டரை நூற்றாண்டில் ரசனை இப்படித் தலைகீழானதற்குப் பின்னால் ஓவியர்கள், வியாபாரிகள், தீ விபத்துகள், ஒரு வேலைநிறுத்தம், சுத்தமான காப்பியடித்தல் எல்லாம் இருக்கின்றன.

முதலில் காப்பியடித்தவர்கள். பாரிஸுக்கு வெளியே ஒரு செல்வந்தர் 1781 வாக்கில், உடைந்துபோன ராட்சதத் தூண் ஒன்றின் வடிவத்தில் வீடு கட்டி அதிலேயே குடியேறினார். லூவர் அரண்மனையை அருங்காட்சியகமாக மாற்றும் வேலையில் இருந்த ஓவியர் உபேர் ரொபேர், அதன் பெரிய கூடத்தை எப்படிச் சீரமைக்கலாம் என்று 1796-இல் ஒரு படம் வரைந்தார். கையோடு, அதே கூடம் கூரை இடிந்து பாழாகக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று இன்னொரு படமும் வரைந்தார்.

பாழ் மோகத்துக்குச் சரக்கு போதாமல் போனபோது கப்பல் கிழக்கே திரும்பியது. 1786-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-93-இல் தமிழகத்தையும் சுற்றி வந்தார்கள். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 அச்சுப் படங்களில் இந்தியக் கோயில்களும் மலைக்கோட்டைகளும் இடிபாடுகளும் லண்டன் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தன. அத்தோடு நிற்கவில்லை. 1807-இல் பிரான்சின் சூபர் நிறுவனம் அந்தப் படங்களைப் பார்த்து 'ஹிந்துஸ்தான்' என்று சுவர்க்காகிதமே அச்சடித்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் அவற்றை நீலத்தில் பீங்கான் தட்டுகளில் ஏற்றினார்கள். நம்மூர் இடிபாட்டின் மேல் சாஸ் ஊற்றிச் சாப்பிட்ட குடும்பங்கள் இங்கிலாந்தில் இருந்திருக்கின்றன.

தொழிற்சாலையே காட்சியாக மாறியது 1801-இல். கோல்புரூக்டேல் என்ற இடத்தில் இரவு வானத்தைச் சிவப்பாக்கிய இரும்பு உலைகளை வரைந்தவர் பிலிப் டி லூதர்பர்க். அவர் அதற்கு முன் லண்டன் டிரூரி லேன் அரங்கில் நாடகங்களுக்குப் பின்னணி செய்தவர்; இன்றைய கணக்கில் ஆர்ட் டைரக்டர். உலையை முதலில் 'லொகேஷன்' கண்ணோடு பார்த்தவர் ஒரு செட் போடுகிற ஆள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

பிறகு கேமரா வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மாட்டுவண்டிகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று படமெடுத்தார். ஆனால் மனிதர்களைப் படமெடுக்கிற தொழில் வெயிலுக்குப் போகவில்லை, ஸ்டூடியோவுக்குள்ளேயே உட்கார்ந்தது. அங்கேதான் 'பின்னணி' விற்பனைச் சரக்கானது. நியூயார்க்கில் நாடகத் திரை எழுதிவந்த லஃபாயெட் சீவி, ஸ்டூடியோக்களுக்கென்று வரைந்த திரைகளை விற்பதையே பெரும் தொழிலாக நடத்தினார். கூடவே காகிதக்கூழ்ப் பாறை, பொய்வேலி, பட்டிக்காட்டுக் கட்டைக்கதவு. பட்டணத்துச் சீமாட்டி கிராமத்து வேலியில் சாய்ந்து நிற்பதாகப் படம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் தாத்தாக்கள் கை வைத்து நிற்கும் பளிங்குத் தூணும், பின்னால் தெரியும் மாடிப்படியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சரக்குதான்.

தமிழ் சினிமா இந்தத் திரைச்சீலையைச் சுவராக வளர்த்தது. போர்க்காலத்தில் ஏவி. மெய்யப்பன் சென்னையை விட்டுக் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கல் சமயத்தில் வந்தது. அடுத்த வருடம் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்கு நகர்ந்தது. அதன் பிறகு முப்பது வருடம் சேரியும் மாளிகையும் கிராமமும் கோடம்பாக்கத்து ஃப்ளோருக்குள்ளேயே முளைத்தன. 1977-இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' கேமராவை வெளியே இழுத்துப் போட்டது. அந்த அசல் தமிழ்க் கிராமம் படமானதோ கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம். லொகேஷன் என்பது கதை நடக்கிற ஊராக இருக்க வேண்டியதில்லை, அப்படித் தெரிந்தால் போதும் என்ற பாடத்தை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குள் மேற்கே இரும்பு தனக்கென்று ரசிகர்களைச் சேர்த்திருந்தது. 1927-இல் ஃபோர்டு கம்பெனியின் ரிவர் ரூஜ் ஆலையைப் படமெடுக்கச் சார்லஸ் ஷீலரை அமர்த்தியது ஒரு விளம்பர நிறுவனம். குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவைபோலப் போகும் கன்வேயர்களை அவர் தேவாலயத்தைப் படமெடுக்கிற பக்தியோடு எடுத்தார். 1941-இல் ஜெர்மானியக் குண்டுகள் லண்டனைச் சிதைத்துக்கொண்டிருந்தபோது செசில் பீட்டன், இடிபாட்டுக்கு நடுவே நறுக்கென்ற சூட் அணிந்த ஒரு மாடலை முதுகு காட்டி நிறுத்தி 'வோக்' இதழுக்குப் படமெடுத்தார். இன்று துருக்கதவின் முன்னால் பட்டுப்புடவையை நிறுத்துகிற உத்தி அன்றே வடிவம் பெற்றுவிட்டது: பின்னால் எவ்வளவு சிதிலமோ, முன்னால் அவ்வளவு மினுக்கு.

1959 முதல் ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற தம்பதி மூடப்போகிற சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் ஊது உலைகளையும் மேகமூட்டமான நாட்களில், நேர் எதிரே நின்று, கல்யாணப் பெண்ணைப் படமெடுக்கிற பொறுமையோடு எடுத்துக் குவித்தார்கள். 1990-இல் வெனிஸ் கலைவிழா அவர்களுக்குத் தங்கச் சிங்க விருது கொடுத்தது. புகைப்படத்துக்கு அல்ல, சிற்பத்துக்கு. நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல் 1964-இல் தன் ஓவியக் கூடத்துக்கு வைத்த பெயரே 'ஃபாக்டரி'. சுவரெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டிய அந்த மாடியும், காலியான கிடங்கு மாடிகளில் வாடகை குறைவென்று குடியேறிய சோஹோ ஓவியர்களும் சேர்ந்து ஒரு மோஸ்தரை உண்டாக்கினார்கள். பூசாத செங்கல், மறைக்காத குழாய், தொங்கும் மஞ்சள் பல்பு. அண்ணா நகரில் காபி கடை திறக்கிறவர் இன்று நல்ல பூச்சைச் சுரண்டி எடுத்துச் செங்கல்லைக் காட்டுவது அந்தக் குறைந்த வாடகையின் நினைவாகத்தான்.

துருவுக்கே மரியாதை வாங்கிக்கொடுத்தது ஓர் உலோகம். அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் 1933-இல் 'கார்டென்' என்ற எஃகை விற்க ஆரம்பித்தது. இதன் மேல் படியும் துரு கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும், பெயிண்ட் வேண்டாம். நிலக்கரி ஏற்றும் ரயில் பெட்டிகளுக்காக வந்த சரக்கு அது. டிராக்டர் கம்பெனியான ஜான் டியர் தனக்குத் தலைமையகம் கேட்டபோது கட்டிடக்கலைஞர் ஈரோ சாரினென் இந்த எஃகையே வெளியில் தெரிய வைத்தார். 1964-இல் திறந்த அந்தக் கட்டிடத்தைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கத் துருநிற முகப்புகள் எழுந்தன. இதே வகை எஃகிலிருந்துதான் கப்பல் கன்டெய்னர்களும் செய்கிறார்கள். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலேற்றி நியூஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பித் தொடங்கிவைத்த வழக்கத்தின் ஒரு கிளை, இன்று மீஞ்சூர் சாலையில் டிரெய்லர் வரிசையாக நின்று நம் வண்டியை மறிக்கிறது.

அடுத்த திருப்பம் ஆலை மூடல்கள். லண்டனில் நூற்றாண்டு காலம் ஓடி நின்ற பெக்டன் கேஸ் ஆலையை ஸ்டான்லி குப்ரிக் 1980-களின் நடுவில் பிடித்தார். ஸ்பெயினிலிருந்து பனைமரங்களையும் ஹாங்காங்கிலிருந்து பிளாஸ்டிக் செடிகளையும் வரவழைத்து, எப்படியும் இடிக்கப்போகிற கட்டிடங்களை வேண்டிய இடத்தில் வெடிவைத்துத் தகர்த்து, அதை வியட்நாம் ஆக்கினார். 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தில் தெரியும் ஹுவே நகரம் தேம்ஸ் கரைதான். பம்பாயில் 1982-இல் தத்தா சாமந்த் தலைமையில் ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த வருடத்திலேயே கொலாபாவின் முகேஷ் மில்லில் தீப்பிடித்தது. ஆலை திரும்ப ஓடவில்லை, படப்பிடிப்பு ஓடியது. 1991-இல் அமிதாப் பச்சன் 'ஹம்' படத்தில் 'ஜும்மா சும்மா' என்று ஆடியது அங்கேதான்.

சென்னைக்கு அந்தப் பாத்திரம் பெரம்பூர் பின்னி மில். 1870-களில் முளைத்த பக்கிங்ஹாம் ஆலையும் பிறகு வந்த கர்நாடிக் ஆலையும் 1920-இல் ஒன்றாகி 'பி அண்ட் சி' ஆயின. காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். 1996-இல் ஆலை மூடியதும் நெசவுக் கூடங்களுக்குள் கதாநாயகர்கள் நுழைந்தார்கள். உயரமான கூரை, தூண் வரிசை, உடைந்த சன்னல் வழியே சரியும் ஒளி, ஓங்கி உதைத்தால் உருளும் டிரம். சண்டைக் காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அதுபோல மூடிய மில்லும் நாள் வாடகையில் சம்பாதித்தது. வாயிலில் சங்கு ஊதியதும் ஓடிப்போய் அட்டெண்டன்ஸ் போட்டவர்களுக்கு அந்தத் தூண்களில் அழகு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வேலை நின்று, ஆள் போய், சத்தம் அடங்கி, சம்பளப் பாக்கி கோர்ட்டுக்குப் போன பிறகே துருவுக்கு அழகு வருகிறது. பெயின்ஸ்ஹில் தொடங்கிப் பெரம்பூர் வரை ஊர் ஊராகப் பரவியது உண்மையில் இந்த விலகல்தான்.

சினிமா சண்டையில் இருந்த துருவைக் கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது இன்னொரு வழி. தைவானின் மணப்பெண் ஸ்டூடியோக்கள் 1980-களிலும் 90-களிலும் கல்யாணத்துக்கு முன்பே, வாடகை கவுனில், ஒரு முழுநாள் படமெடுக்கிற வழக்கத்தைப் பெருந்தொழிலாக வளர்த்தன. அங்கிருந்து சீனா, சிங்கப்பூர், மலேசியா, பிறகு நாம். ஒரு நாளில் நான்கு உடை, நான்கு இடம் என்ற அந்த அட்டவணையில் கடற்கரை, தோட்டம், தெரு முடிந்து நான்காவதாக எதைக் காட்டுவது? பழைய ஆலை கை கொடுத்தது.

இனி காட்டுப்பள்ளி. கொசஸ்தலை ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீளும் இந்த மணல் திட்டுக்கு வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டி, லுங்கித் துணியோடு வெடிமருந்தும் செய்து கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிய ஊர். ஆக, இந்தக் கரைக்குத் தொழிற்சாலை நானூறு வருடப் பழக்கம். கோட்டை போய்விட்டது, எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் வாசலோடு டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம், 2013-இல் எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று கரை நிரம்பிவிட்டது. 2018-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் அதானி கைக்குப் போனது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கிற திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்துவருகிறார்கள்.

படமெடுப்பவர் கண்ணுக்கு இது சொர்க்கம்; கைக்கு எட்டாத சொர்க்கம். துறைமுகமும் மின்நிலையமும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். கேட்டுக்குள் கேமரா போகாது, அனுமதியில்லாமல் ட்ரோன் பறந்தால் வழக்கு. அதனால் லொகேஷன் தேடுகிறவர்கள் ஓரங்களில் பிழைக்கிறார்கள்: சாம்பல் படிந்த சாலை, கன்டெய்னர் யார்டின் வெளிச்சுவர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சங்கிலி போட்ட பழைய ஷெட். நல்ல லொகேஷன் மேனேஜர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் துருவைப் பார்ப்பதில்லை. வெயில் எந்தப் பக்கம் இறங்கும், கேரவன் திரும்ப இடமுண்டா, ஜெனரேட்டர் எங்கே நிற்கும், பெண்கள் உடை மாற்ற அறை உண்டா என்று பார்க்கிறார். அண்ணாந்து பார்த்து, கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்து நொறுங்கியிருந்தால் அந்தத் தூசியில் ஆட்களை நிறுத்தக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இடம் கிடைக்காவிட்டால் பொருளைக் கொண்டுபோவார்கள். அந்த வியாபாரத்தின் சூத்திரம் எளிது: காயலான் கடையில் கிலோ கணக்கில் வாங்கி, ஷூட்டிங்குக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விடுவது. பல்சக்கரமும் சைலன்சரும் புதுப்பேட்டையில் கிடைக்கும். பழைய கதவு, எனாமல் தூக்கு, பித்தளை விளக்குக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பர்மாவில் சம்பாதித்த செட்டியார்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான் இப்போது வேனில் ஏறி மாடல்களுக்குப் பின்னால் நிற்கிறது. துறைமுகம் கழித்துப்போடும் மரப் பாலெட் மேசையாகிறது, கேபிள் சுற்றிவந்த மர டிரம் டீப்பாய் ஆகிறது. பாலெட்டின் ஓரத்தில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் 'எச்.டி.' என்றால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம்; 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. குழந்தையை உட்கார வைத்துப் படமெடுக்கிறவர்கள் முதல் வகையைத் தேடிப்பிடிப்பது நல்லது.

பொருளும் கிடைக்காவிட்டால் செய்துவிடுவார்கள். ஆர்ட் அசிஸ்டெண்ட்கள் இதை 'ஏஜிங்' என்கிறார்கள். பிளைவுட்டில் ஃபெவிகால் தடவி, மரத்தூளைத் தூவி, காய்ந்ததும் காவியும் கறுப்பும் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் நேற்று வாங்கிய பலகை அரைநூற்றாண்டு பழைய இரும்பாகிவிடும். அசல் இரும்பாக இருந்தால் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உப்பும் கலந்து தெளித்தால் போதும். ஒரு தேநீர் நேரத்தில் சிவந்துவிடும். காட்டுப்பள்ளியின் உப்புக்காற்று அதே வேலையைச் செலவில்லாமல், ஆனால் நிதானமாகச் செய்கிறது.

அந்த நிதானத்துக்குத்தான் இங்கே இடமில்லை. ஜெர்மனியில் 1985-இல் நின்ற டூயிஸ்பர்க் இரும்பாலை 1994-இல் பூங்காவாகத் திறந்தது. சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கும்மிடிப்பூண்டியில் நின்றுபோன இரும்புக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இங்குள்ள தூண்டல் உலைகளுக்குத் தீனியே பழைய இரும்புதான். இன்று படத்தில் அழகாகத் தெரியும் கதவு நாளை லாரியேறி, உருகி, டி.எம்.டி. கம்பியாகி, யாரோ கட்டும் அடுக்குமாடியின் தூணுக்குள் போய்விடும். பாட்டியின் பேரனே பிற்பாடு அந்த மாடியில் குடியேறினாலும் ஆச்சரியமில்லை.

ஆகவே வடசென்னைப் பக்கம் நல்ல துரு தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. இன்ஸ்டாகிராமைப் பார்த்துப் போகாதீர்கள். அதில் வந்த ஷெட் இந்நேரம் போயிருக்கலாம். பொதுத்துறையின் கழிவு இரும்பைக் கையாண்டுவரும் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் தன் இணைய ஏல அறிவிப்புகளில் எந்த இடத்தில் எத்தனை டன், என்று பார்வையிடலாம், எந்தத் தேதிக்குள் அள்ள வேண்டும் என்று எல்லாம் போடுகிறது. அதைவிட நல்ல லொகேஷன் பட்டியல் இந்த வட்டாரத்தில் இல்லை. ஏலம் எடுத்த காயலான் கடைக்காரரிடம் வெட்டுவதற்கு முன் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். வாடகையும் வாங்கிக்கொள்வார், டீயும் வாங்கித்தருவார்.